வாசகர் கேள்வி–பதில்: ரோடு சைக்கிள் ஃபிரேமின் அளவும் அமைப்பும்

ரோடு சைக்கிளின் ஃபிரேம் அளவு குறித்தும், அது உடலுக்கும் கண்ணுக்கும் பொருந்துவது குறித்தும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்லப்படுகிறது.

கேள்வி: என் உயரம் 172 செ.மீ. நான் ஓட்டும் சைக்கிளின் ஃபிரேமில் 54 என்று குறிக்கப்பட்டிருக்கிறது. நண்பர் வாங்கியிருக்கும் வேறொரு நிறுவனத்தின் சைக்கிளும் 54தான். அதில் அரை மணி நேரம் போனாலே கழுத்தும் தோளும் வலிக்கின்றன. என்னுடையதில் மூன்று மணி நேரம் போனாலும் ஒன்றும் ஆவதில்லை. எண் ஒன்றாக இருக்கும்போது இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

பதில்: அந்த எண்ணுக்கு ஒரு காலத்தில் திட்டவட்டமான பொருள் இருந்தது. டாப் டியூப் (இருக்கைப் பக்கத்திலிருந்து ஹேண்டில்பார் பக்கம் போகும் மேல்குழாய்) தரைக்கு இணையாக இருந்த பழைய ஃபிரேம்களில், பெடலைத் தாங்கும் கிராங்க் சுழலும் பாட்டம் பிராக்கெட்டின் மையத்திலிருந்து சீட் டியூபின் (இருக்கைக்குக் கீழுள்ள குழாய்) மேல்பகுதி வரையுள்ள நீளத்தைச் செ.மீ. கணக்கில் சொன்னார்கள். அப்போதும் சிலர் டாப் டியூபின் மையம் வரை அளந்தார்கள், சிலர் சீட் டியூபின் மேல்விளிம்பு வரை அளந்தார்கள் என்பதால் ஒன்றிரண்டு செ.மீ. முன்பின்னாக இருந்தது. 1990களின் பிற்பகுதியில் மைக் பரோஸ் என்ற வடிவமைப்பாளர் ஜயண்ட் நிறுவனத்துக்காக உருவாக்கிய டிசிஆர் ஃபிரேம், டாப் டியூபைப் பின்னோக்கிச் சரித்து, சீட் டியூபைக் குட்டையாக்கி, சீட் போஸ்ட்டையும் (இருக்கையைத் தாங்கும் தண்டு) ஸ்டெம்மையும் (ஹேண்டில்பாரைச் சைக்கிளின் முன்பகுதியோடு இணைக்கும் துண்டு) மாற்றிக்கொள்வதன் மூலம் சில அளவுகளிலேயே பெரும்பாலோருக்குப் பொருத்திவிடலாம் என்று காட்டியது. சரிந்த டாப் டியூப் பரவலான பிறகு சீட் டியூபின் நீளத்துக்கும் உடல் அமரும் நிலைக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிட்டது. இன்று 54 என்று எழுதப்பட்ட ஒரு ஃபிரேமின் சீட் டியூப் 50 செ.மீ.கூட இல்லாமல் இருக்கலாம்.

ஆகவே அந்த எண்ணை விட்டுவிட்டு, நிறுவனங்கள் வெளியிடும் அளவு அட்டவணையில் ஸ்டாக், ரீச் என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். பாட்டம் பிராக்கெட்டின் மையத்திலிருந்து ஹெட் டியூபின் (ஃபிரேமின் முன்னால், ஹேண்டில்பாருக்குக் கீழுள்ள குட்டைக் குழாய்) மேல்முனை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். அதே முனை எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். இருக்கையை எங்கே வைத்தாலும் இந்த இரண்டும் மாறுவதில்லை என்பதால் எந்த இரு ஃபிரேம்களையும் இவற்றைக் கொண்டு ஒப்பிடலாம். பந்தயத்துக்கென்று வடிவமைத்த 54 ஃபிரேமில் ஸ்டாக் 545 மி.மீ., ரீச் 385 மி.மீ. என்ற அளவில் இருப்பது வழக்கம். நீண்ட தூரப் பயணத்துக்கென்று வடிவமைத்த 54 ஃபிரேமில் ஸ்டாக் 580 மி.மீ., ரீச் 375 மி.மீ. என்றிருக்கலாம். உங்களுடையது இரண்டாம் வகையாகவும் நண்பருடையது முதல் வகையாகவும் இருக்க வாய்ப்பு மிகுதி.

இந்த எண்களைப் படிப்பதில் பலரும் தவறவிடும் ஒன்று உண்டு. 385-க்கும் 375-க்கும் 10 மி.மீ. வேறுபாடு இருப்பதால் பந்தய ஃபிரேம் நீளமானது என்று தோன்றும். ஆனால் ஹெட் டியூப் செங்குத்தாக நிற்பதில்லை. ஏறத்தாழ 73 பாகை கோணத்தில் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. அதனால் ஹேண்டில்பாரை 10 மி.மீ. உயர்த்தினால் அது 3 மி.மீ. பின்னாலும் நகர்கிறது. நண்பரின் சைக்கிளில் ஸ்டெம்முக்குக் கீழே ஸ்பேசர் வளையங்களை வைத்து 35 மி.மீ. உயர்த்தினீர்களானால் ரீச் 10 மி.மீ.க்குச் சற்று மேல் குறைந்து, கை படும் இடம் கிட்டத்தட்ட உங்கள் சைக்கிளில் உள்ள இடத்துக்கே வந்துவிடும். அதாவது இரண்டு ஃபிரேம்களும் நீளத்தில் ஒன்றுதான், உயரத்தில்தான் வேறு. ஸ்டாக்கைச் சமப்படுத்தாமல் ரீச்சை மட்டும் ஒப்பிடுவதில் பயனில்லை.

ஆனால் 35 மி.மீ. ஸ்பேசரை நினைத்த மாத்திரத்தில் அடுக்கிவிட முடியாது. முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கிலிருந்து ஹெட் டியூபுக்குள் ஏறும் தண்டு முன்பே வெட்டப்பட்டிருந்தால் அதற்கு இடமே இருக்காது. தண்டு கார்பனால் ஆனது என்றால் எவ்வளவு உயரம் வரை அடுக்கலாம் என்பதற்குத் தயாரிப்பாளர் ஓர் எல்லை வைத்திருப்பார், அதை மீறக்கூடாது.

இனி உங்கள் கழுத்தைப் பற்றி. ஹேண்டில்பார் தாழும்போது முதுகு தாழ்கிறது. முதுகு எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவுக்குச் சாலையைப் பார்க்கத் தலையைப் பின்னோக்கி மடக்க வேண்டியிருக்கிறது. கழுத்தின் பின்புறத் தசைகள் தலையின் எடையை அந்த மடங்கிய நிலையிலேயே தாங்கி நிற்பதால்தான் அரை மணியில் வலி வந்துவிடுகிறது. நண்பருக்கு வலிக்கவில்லை என்றால் அவருடைய இடுப்பு நன்றாக முன்னோக்கிச் சுழல்கிறது என்று கொள்ளலாம். உங்கள் உடலில் குறை இருப்பதாக அதற்குப் பொருளில்லை.

கேள்வி: கிடைமட்டமான டாப் டியூப், தரைக்கு இணையான ஸ்டெம், இருக்கையைவிட நன்றாகத் தாழ்ந்த ஹேண்டில்பார் – இப்படிப்பட்ட சைக்கிளைப் பார்த்தால் எனக்குக் கண்ணை எடுக்க முடிவதில்லை. ஆனால் ஒரு மணி நேரத்தில் இடுப்புக்கு மேலே முதுகு பிடித்துக்கொள்கிறது. அழகுக்காக வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டுமா, வசதிக்காக அழகை விட்டுவிட வேண்டுமா?

பதில்: அழகை நாடுவதற்காக நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. பார்க்கப் பிடித்த சைக்கிளைத்தான் மனிதர்கள் அடிக்கடி வெளியே எடுக்கிறார்கள். எனவே இரண்டையும் சேர்த்தே யோசிப்போம்.

நீங்கள் விரும்பும் தோற்றம் எதனால் உண்டாகிறது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஹெட் டியூபின் கோணம் 73 பாகை என்றால், ஸ்டெம் தரைக்கு இணையாக நிற்க அது ஃபோர்க்கின் தண்டுக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 17 பாகை கீழ்நோக்கியதாக இருக்க வேண்டும். இன்று பெரும்பாலான சைக்கிள்களில் வருவது 6 பாகை மட்டுமே கீழ்நோக்கிய ஸ்டெம். அதனால் அது சற்றே மேல்நோக்கி நிற்கிறது. 100 மி.மீ. நீளமுள்ள ஸ்டெம்மில் இந்த இரண்டுக்கும் இடையே ஹேண்டில்பார் உயரத்தில் ஏறத்தாழ 19 மி.மீ. வேறுபாடு வருகிறது. 6 பாகை ஸ்டெம்மைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் மேலும் 20 மி.மீ. உயரும். ஃபிரேமை மாற்றாமலே, ஒரே ஸ்பேசரைக்கூடத் தொடாமலே, ஸ்டெம்மின் கோணத்தால் மட்டும் கிட்டத்தட்ட 4 செ.மீ. உயரத்தை விளையாட விடலாம் என்பது இதன் பொருள். முதுகு பிடிப்பவருக்கு 4 செ.மீ. என்பது மிகப் பெரிய அளவு.

திருப்பிப் போட்ட ஸ்டெம்மும் அதன்கீழ் அடுக்கிய ஸ்பேசர்களும் கண்ணுக்கு உறுத்துகின்றன என்று பலர் சொல்வார்கள். அது நியாயமான உறுத்தல்தான் என்பது என் கருத்து. அங்கே உறுத்துவது ஹேண்டில்பாரின் உயரம் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் டாப் டியூபின் கோடு ஒரு திசையில் போக, ஸ்டெம்மின் கோடு வேறொரு திசையில் கிளம்புவதுதான் உறுத்துகிறது. தாழ்வான ஃபிரேமை வாங்கிவிட்டு அதை உயரமான ஃபிரேமைப் போல நடந்துகொள்ள வைக்கும்போது இந்த முறிவு தெரியத்தான் செய்யும். அதே உயரத்தை ஹெட் டியூபிலேயே கொண்ட ஃபிரேமை எடுத்திருந்தால் ஒரே ஒரு மெல்லிய ஸ்பேசரும் தட்டையான ஸ்டெம்மும் போதுமானவை. கைகள் அதே இடத்தில்தான் இருக்கும், கோடுகளும் முறியாது. ஆகவே அழகை விரும்புகிறவர்தான் ஸ்டாக் எண்ணை எல்லாரையும்விடக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

கிடைமட்ட டாப் டியூபைப் பொறுத்தவரை உங்களுக்கு நல்ல செய்தி உண்டு. பழைய பாணியிலான எஃகு ஃபிரேமை இன்றும் கைவினைஞர்கள் செய்கிறார்கள். அதைப் பழைய வழக்கப்படி பொருத்தினால், இன்றைய பந்தய ஃபிரேமில் தெரியும் நீண்ட சீட் போஸ்ட் தெரியாது. ஒரு கைப்பிடி அளவுதான் வெளியே தெரியும். முற்காலத்துச் சவாரிக்காரர்கள் இதையே ஃபிரேம் அளவு சரியா என்பதற்கு அடையாளமாகவும் கொண்டார்கள். அப்படிப் பெரிய ஃபிரேமை எடுக்கும்போது ஹெட் டியூபும் உயர்ந்து, ஹேண்டில்பார் இருக்கைக்குச் சிறிதே தாழ்வாக வந்து நிற்கும். நீங்கள் கண்ணை எடுக்க முடியாமல் பார்க்கும் பழைய புகைப்படங்கள் பலவற்றில் இருக்கைக்கும் ஹேண்டில்பாருக்கும் உள்ள உயர வேறுபாட்டை அளவுகோல் வைத்துப் பாருங்கள். இன்றைய பந்தய சைக்கிளில் உள்ளதைவிட அது குறைவாகவே இருக்கும். டாப் டியூபின் மேல் கால்களை இருபுறமும் ஊன்றி நிற்கும்போது கவட்டுக்கும் குழாய்க்கும் இடையே 2, 3 செ.மீ.யாவது இடைவெளி இருக்க வேண்டும் என்பது ஒன்றே இதில் உள்ள கட்டுப்பாடு.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் அதன்மேல் அமர்ந்து, பிரேக் லீவரின் ரப்பர் உறைமேல் கை வைத்து, பத்து நிமிடம் மிதித்த பிறகு யாரையாவது பக்கவாட்டிலிருந்து படம் எடுக்கச் சொல்லுங்கள். முழங்கை விறைத்து நீண்டு, தோள் காதை நோக்கி ஏறி, மணிக்கட்டு மேல்நோக்கி ஒடிந்து, முதுகின் நடுவில் கூன் விழுந்திருந்தால், எவ்வளவு விலை உயர்ந்த ஃபிரேமும் அந்தப் படத்தில் அழகாக இருக்காது. முழங்கை லேசாக மடங்கி, இடுப்பிலிருந்து கழுத்து வரை ஒரே வளைவாக இருந்தால் சாதாரண சைக்கிளும் அழகாக இருக்கும். ஹேண்டில்பாரை 2 செ.மீ. உயர்த்திவிட்டு மறுபடி ஒரு படம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: அட்டவணைப்படி என் உயரம் 52-க்கும் 54-க்கும் நடுவில் விழுகிறது. எதை எடுப்பது?

பதில்: உயரத்தை மட்டும் வைத்து அட்டவணை போடுவதால் வரும் சிக்கல் இது. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளமாகவும் இன்னொருவருக்கு உடல் நீளமாகவும் இருக்கலாம். செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு இடையே இருக்கை அழுத்தும் அளவுக்கு மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளந்துகொள்ளுங்கள். அதை 0.883 ஆல் பெருக்கினால் பாட்டம் பிராக்கெட் மையத்திலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் ஏறத்தாழக் கிடைக்கும். அமெரிக்க சைக்கிள் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் பிரபலப்படுத்திய கணக்கு இது. கால் அளவு 80 செ.மீ. என்றால் இருக்கை உயரம் 70.6 செ.மீ. இது தொடக்கப் புள்ளிதான். அங்கிருந்து சில மி.மீ. ஏற்றி இறக்கிக்கொள்ளலாம்.

உங்கள் உயரத்துக்குக் கால் நீளம் என்றால் இருக்கை உயர்ந்துவிடும், உடலோ குட்டை. உங்களுக்கு உயர்ந்த ஸ்டாக்கும் குறைந்த ரீச்சும் வேண்டும். நீண்ட பயண வகையில் 52 பெரும்பாலும் பொருந்தும். உடலும் கையும் நீளம் என்றால் 54. இரண்டும் நடுத்தரம், எதிலும் சாய்வு இல்லை என்றால் நான் சிறியதையே பரிந்துரைப்பேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு: ஸ்பேசர்களை எல்லை வரை அடுக்காமலே உங்களுக்கு வேண்டிய ஹேண்டில்பார் உயரம் அதில் கிடைக்க வேண்டும். நீளம் குறைவதை 10 மி.மீ. நீண்ட ஸ்டெம் ஈடுகட்டிவிடும். பெரிய ஃபிரேமில் நீளத்தைக் குறைக்க 70 மி.மீ. ஸ்டெம் போட வேண்டி வந்தால் ஓட்டும் தன்மையும் மாறும், பார்ப்பதற்கும் மூக்கறுந்தது போலிருக்கும்.

கை மரத்துப்போகிறது என்று இருக்கையை முன்னால் தள்ளி நீளத்தைக் குறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். இருக்கை முன்னால் போகப் போக உடல் எடை கால்களுக்கு முன்னால் விழுந்து, கைகளின்மேல் சுமை கூடத்தான் செய்யும். இருக்கையின் இடத்தைக் கால்களுக்காக முடிவு செய்துவிட்டு, பிறகு ஸ்டெம்மால் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும்.

கேள்வி: நான் 155 செ.மீ. உயரமுள்ள பெண். கடையில் இருந்தவற்றிலேயே சிறிய ஃபிரேமை வாங்கினேன். மெதுவாகத் திரும்பும்போது ஷூவின் நுனி முன்சக்கரத்தில் இடிக்கிறது. கையும் எட்டிப் பிடிப்பதுபோல்தான் இருக்கிறது. சக்கரங்கள் ஃபிரேமைவிடப் பெரிதாகத் தெரிவதால் பார்க்கவும் பிடிக்கவில்லை.

பதில்: உங்கள் மூன்று குறைகளுக்கும் காரணம் ஒன்றே: ஃபிரேம் சிறிதாகிறது, சக்கரம் சிறிதாவதில்லை. ரோடு சைக்கிள்களின் வழக்கமான 700சி அளவுச் சக்கரத்தை வைத்துக்கொண்டே ஃபிரேமைச் சுருக்கும்போது, பெடலுக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவே இடம் போதாமல் போகிறது. அதைச் சமாளிக்க வடிவமைப்பாளர்கள் இரண்டு வழிகளைக் கையாளுகிறார்கள். இரண்டிலும் உங்களுக்கு ஒரு விலை இருக்கிறது.

முதல் வழி, ஹெட் டியூபை 73 பாகையிலிருந்து 71 பாகைக்குச் சாய்த்து முன்சக்கரத்தை முன்னால் தள்ளுவது. இதனால் டிரெயில் என்ற அளவு கூடுகிறது. ஹேண்டில்பார் திரும்பும் அச்சைத் தரை வரை நீட்டினால் அது டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் விழும். அந்த இடைவெளிதான் டிரெயில். 28 மி.மீ. டயரும் 45 மி.மீ. ஆஃப்செட்டும் (திரும்பும் அச்சிலிருந்து சக்கரத்தின் மையம் முன்னால் தள்ளியிருக்கும் தூரம்) உள்ள ஃபோர்க்கில், 73 பாகையில் ஏறத்தாழ 57 மி.மீ. ஆக இருக்கும் டிரெயில் 71 பாகையில் 70 மி.மீ. அளவுக்குப் போய்விடுகிறது. வேகத்தில் இது நிதானம் தரும். மெதுவாகத் திரும்பும்போது ஹேண்டில்பார் ஒரு பக்கமாக விழுவது போன்ற உணர்வைத் தரும். அக்கறையுள்ள தயாரிப்பாளர்கள் சிறிய அளவுகளுக்கென்று ஆஃப்செட் கூடிய தனி ஃபோர்க்கைச் செய்கிறார்கள். அது சக்கரத்தை மேலும் முன்னால் தள்ளுவதோடு டிரெயிலையும் வழக்கமான அளவுக்குக் கொண்டுவருகிறது. எல்லா அளவுக்கும் ஒரே ஃபோர்க்கைப் பொருத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அளவு அட்டவணையில் ஆஃப்செட் வரியைப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

இரண்டாம் வழிதான் வாங்குபவரை ஏமாற்றக்கூடியது. சீட் டியூபை நிமிர்த்தி வைத்தால் டாப் டியூப் குறைந்திருப்பதாக அட்டவணை காட்டும். டாப் டியூபின் கிடைமட்ட நீளம் ஒன்றாகவே இருக்கும் இரண்டு ஃபிரேம்களில், சீட் டியூப் 73 பாகைக்குப் பதில் 74 பாகை என்றால் ரீச் கிட்டத்தட்ட 1 செ.மீ. கூடுதலாக இருக்கும். இருக்கையை உங்கள் கால்களுக்கு ஏற்ற இடத்துக்குப் பின்னால் தள்ளியவுடன், காகிதத்தில் குறைந்த நீளம் திரும்பி வந்துவிடும். உங்கள் கை எட்டிப் பிடிப்பதற்கு இது காரணமாக இருக்கலாம்.

இப்போதிருக்கும் சைக்கிளிலேயே சில மாற்றங்கள் செய்யலாம். கிராங்க் 170 மி.மீ. என்றால் 165-ஓ, கிடைத்தால் அதைவிடக் குறைந்ததோ பொருத்துங்கள். கால் நுனி சக்கரத்திலிருந்து விலகும், முழங்காலும் இடுப்பும் மடங்கும் அளவும் குறையும். ஹேண்டில்பாரில் முன்னோக்கிய நீளம் 70 மி.மீ. அளவில் உள்ளதாகவும், உங்கள் தோள் அகலத்துக்கு ஏற்ற குறுகியதாகவும் ஒன்றை எடுத்தால் கை எட்டும். கால் நுனி இடிப்பது மிக மெதுவாக, கூர்மையாகத் திரும்பும்போது மட்டுமே நிகழும். வேகத்தில் ஹேண்டில்பார் அவ்வளவு தூரம் திரும்பாது. ஆனாலும் நெரிசலில் அது ஆளைக் கீழே தள்ளக்கூடியது என்பதால் அலட்சியம் வேண்டாம்.

அடுத்த சைக்கிள் வாங்கும்போது 700சி-யைவிடச் சற்றுச் சிறிய 650பி சக்கரத்துக்கென்றே வடிவமைத்த சிறிய ஃபிரேமைத் தேடுங்கள். சக்கரமும் ஃபிரேமும் ஒன்றுக்கொன்று இசைந்து, டாப் டியூபும் கீழ்க் குழாயும் ஹெட் டியூபில் மோதிக்கொள்ளாமல், முழு வளர்ச்சி பெற்ற சைக்கிளாகத் தோன்றும். குட்டையானவர்களுக்கு இப்படிப்பட்டவை மிகக் குறைவாகவே செய்யப்படுகின்றன என்பது வருத்தத்துக்குரியது. கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கேள்வி: கார்பன் ஃபிரேம் அதிர்வை உறிஞ்சும், அலுமினியம் உடம்பை உலுக்கும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: முக்கோண வடிவில் இணைத்த ஃபிரேம் மேலிருந்து கீழாக வளைவது மிகக் குறைவு, எந்தப் பொருளால் ஆனதானாலும் சரி. டயர் அதைவிடப் பல மடங்கு அமுங்குகிறது. 25 மி.மீ. டயரை 32 மி.மீ.க்கு மாற்றினால் அதில் அடங்கும் காற்றின் அளவு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும், காற்றழுத்தத்தையும் தாராளமாகக் குறைக்கலாம். முதலில் உங்கள் ஃபிரேமிலும் பிரேக்கிலும் எவ்வளவு அகல டயர் நுழையும் என்று பாருங்கள்.

அதற்கு அடுத்தது சீட் போஸ்ட். 27.2 மி.மீ. விட்டமுள்ளது 31.6 மி.மீ. உள்ளதைவிட எளிதில் வளையும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளமும் முக்கியம். அது 15-லிருந்து 20 செ.மீ. ஆனால் வளைவு கொள்கையளவில் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. சரிந்த டாப் டியூப் உள்ள ஃபிரேம்கள் சொகுசாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: பயன்படுத்திய பழைய சைக்கிள் ஒன்றைப் பார்க்கப் போகிறேன். அளவு அட்டவணை எங்கும் கிடைக்கவில்லை. நேரில் எதை அளப்பது?

பதில்: அளவு நாடாவும், நூலில் கட்டிய சிறு எடையும் எடுத்துச் செல்லுங்கள். சமதளத்தில் சைக்கிளை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லி, தரையிலிருந்து ஹெட் டியூபின் மேல்முனை வரை ஓர் அளவும், தரையிலிருந்து பாட்டம் பிராக்கெட்டின் மையம் வரை ஓர் அளவும் எடுத்து, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் ஸ்டாக் கிடைக்கும். ஹெட் டியூபின் மேல்முனை மையத்திலிருந்து நூலைத் தொங்கவிட்டு, அந்த நூலுக்கும் பாட்டம் பிராக்கெட் மையத்துக்கும் இடையே கிடைமட்டமாக அளந்தால் ரீச். இப்போது வசதியாக ஓட்டும் சைக்கிளில் முதலில் இதே அளவுகளை எடுத்து எழுதிக்கொண்டு போங்கள். இல்லையென்றால் அங்கே கிடைக்கும் எண்களை எதோடும் ஒப்பிட முடியாது.

பிறகு ஸ்டெம்மின் மேலும் கீழும் பாருங்கள். ஸ்பேசரே இல்லாமல் ஸ்டெம் ஹெட் டியூபின்மேல் நேராக உட்கார்ந்திருந்தால், முன்னாள் உரிமையாளர் ஃபோர்க்கின் தண்டைத் தன் உயரத்துக்கு வெட்டிவிட்டார் என்று பொருள். அந்த உயரத்துக்கு மேல் ஏற்ற நிமிர்ந்த கோணமுள்ள ஸ்டெம் ஒன்றுதான் வழி. ஃபோர்க்கின் தண்டுக்குள் இறங்கும் பழைய வகை ஸ்டெம் என்றால், அதைக் கழற்றி வெளியே இழுத்து, குறைந்தபட்சம் உள்ளே இருக்க வேண்டிய அளவைக் காட்டும் கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சீட் போஸ்ட்டையும் அப்படியே கழற்றிப் பாருங்கள். அது துருவோடு பிடித்து அசையவில்லை என்றால், ஃபிரேம் எவ்வளவு நன்றாகப் பொருந்தினாலும் வாங்க வேண்டாம்.